கேட்டால்தான் அளப்பார்

டேப்பின் பூஜ்ய முனையை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே புடிங்க தம்பி. சந்தேகம் யாருக்கோ அவுகதான் இந்த முனையப் புடிக்கணும்" என்றார் கண்ணுசாமி.

அறந்தாங்கிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில், கௌசல்யா அக்கா வீட்டை ஒட்டி எனக்கு ஏழு சென்ட் மனை இருக்கிறது. மெல்போர்னில் இருந்த பன்னிரண்டு வருடங்களில் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. அக்கா தன் ரோஜாச்செடி பூத்திருப்பதைக் காட்டப் போட்டோ அனுப்புவாள். நான் செடிக்குப் பின்னால் தெரிகிற எல்லைக்கல்லைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பக்கத்து மனைக்காரர் ராக்கன் கல்லை நகர்த்திவிட்டார் என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். இந்த முறை மூன்று வார லீவில் வந்ததும் முதல் வேலையாக லைசன்ஸ் சர்வேயரைக் கூப்பிடச் சொன்னேன்.

வந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி. டிவிஎஸ் எக்ஸெல்லின் பின்னால் கடப்பாரையும் இரண்டு கொடிக்கம்பும் கட்டியிருந்தார். இடது புருவத்தின் மேல் ஒரு பழைய வெட்டு. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிணற்றை அளந்தபோது அண்ணன் தம்பிக்கு எறிந்த கல் இவருக்கு விழுந்ததாம்.

உடனே அளக்கவில்லை. வண்டியில் இருந்து நீளமான ஃபைபர் டேப்பையும் ஒரு ஸ்டீல் டேப்பையும் எடுத்துத் தரையில் பக்கம் பக்கமாக இழுத்துவிட்டு, குனிந்து இரண்டையும் ஒப்பிட்டார்.

"வெயில்லயே கெடக்குதுல்ல, இழுத்துக்கும். மொதல்ல இத அளந்துட்டுத்தான் மத்தத அளக்கணும்."

அதற்குப் பிறகும் அளக்கவில்லை. ராக்கன் வர வேண்டும் என்றார். நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, அவர் வராவிட்டால் நாம் அளக்கலாமே என்றேன்.

"அளக்கலாம். ஆனா அவரும் 'அளங்க'ன்னு வாயால சொல்லணும். ஒருத்தர் மட்டும் கேட்டு அளந்தா அது வேவு பாக்குறது."

ஒன்றரை மணி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். ராக்கன் சந்தையில் இருந்து இரண்டு கத்திரி நாற்றுக் கட்டுகளோடு வந்து, "அளங்க, அளங்க, எனக்கென்ன" என்ற பிறகுதான் எழுந்தார். பூஜ்யம் என் கையில். அளந்து முடித்தபோது, ராக்கனின் இடத்துக்குள் ஒன்பது இஞ்ச் புகுந்து நிற்பது என் வேலி என்று தெரிந்தது. முனையைப் பிடித்திருந்தவன் நான். யாரைக் குறை சொல்வது?

"வெளிநாட்டுக்காரரே, அங்கன இருந்துக்கிட்டே இங்கிட்டு ஒம்போது இஞ்ச் புடிச்சுட்டீங்களே!" என்று ராக்கன் சிரித்தார். மழைக்கு முன்னால் கல்லை மாற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை என்று நாற்றோடு போய்விட்டார்.

நான் வெட்கத்தோடு வீட்டுக்குள் வந்தேன். கண்ணுசாமி எனக்கு முன்பே உள்ளே போய், தன் வீடு போல் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம பாப்போம் அண்ணே" என்று உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். உள்ளிருந்து நாகராஜன் மாமாவின் "ம்" மட்டும் வந்தது.

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்தாள்.

"ஒங்க மாமா குவைத்த விட்டு வந்து ரெண்டு வருசமாச்சு தம்பி. மொத எட்டு மாசம் ஃபேனப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. பேச்சு இல்ல, வெளிய தெருவ இல்ல. அப்பத்தான் காம்பவுண்டு சுவர அளக்க இந்த மனுசன் வந்தாரு. ரூம்புல அடுக்கி வச்சிருந்த சிப்பாய்ப் பொம்மையப் பாத்துட்டு, 'இது எந்த ஊரு பட்டாளம்?'னு கேட்டாரு. அன்னைக்கித்தான் இவரு சேந்தாப்புல நாலு வார்த்த பேசுனாரு. அன்னைலேருந்து ஞாயித்துக்கெழமன்னா எந்திரிச்சுக் குளிச்சு, சட்ட போட்டு நிக்கிறாரு."

"நல்லதுதானக்கா."

"நல்லது எங்க நெலைக்கிது? ஸ்கூல் பி.டி. வாத்தியாரு வந்தாரு, மூணு வாரம். செல்போன் கடைக்காரரு ரெண்டு வாரம். இப்ப நாலு மாசமா வனிதாவும் அவ வீட்டுக்காரரும் வாராங்க. போன வாரம் அவளையும் ஒரு சொல்லு சொல்லிப்புட்டாரு. 'வர்ற ஞாயித்துக்கெழமதான் கடைசிக்கா, ஒங்களுக்காக வாரேன்'னு போன் பண்ணிச் சொல்லிட்டா. அவ போனா அவ வீட்டுக்காரரும் போயிருவாரு. அப்பறம் இவரு மறுபடி ஃபேனப் பாக்க வேண்டியதுதான்."

அக்காவின் கை கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டது. எனக்கே பயமாக இருந்தது.

மாமா விளையாடுவது மேசைப் போர் விளையாட்டு. சதுரங்கம் போல் கட்டங்கள் கிடையாது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, தெர்மகோலில் மலை, பச்சைத் துணியில் வயல், கண்ணாடித் துண்டில் குளம் என்று ஒரு நிலப்பரப்பு. அதன் மேல் விரல் கணு உயரச் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். ஒரு சுற்றுக்குக் காலாள் ஆறு இஞ்ச் நடக்கலாம், குதிரை பன்னிரண்டு இஞ்ச் ஓடலாம். எல்லாம் டேப் வைத்து அளந்துதான். எதிரியைத் தொட்டுவிட்டால் டைஸ் உருட்ட வேண்டும். ஆறு சுற்று முடியும்போது மலை யார் கையில் இருக்கிறதோ அவர் ஜெயித்தார்.

மெல்போர்னில் என் அபார்ட்மென்டுக்குப் பக்கத்துத் தெருவில் இதற்கு ஒரு கிளப் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை போனேன். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் மிகப் பண்பானவர். விதிப்புத்தகத்தை முப்பது தடவை புரட்டி, முப்பது தடவையும் நான் செய்தது தப்பு என்று மென்மையாகச் சொன்னார். மறுபடி நான் அந்தத் தெரு வழியாக நடப்பதுகூட இல்லை.

மாமா இதைக் கற்றது குவைத்தில். அவருடைய எண்ணெய்க் கம்பெனியில் ஒரு ஸ்காட்லாந்து இன்ஜினியருக்கு வெள்ளிக்கிழமைகளில் எதிராளி தேவைப்பட்டார். வாரத்தில் ஆறு நாள் அந்த ஆளின் உத்தரவுக்கு ஓடிய மாமா, ஏழாம் நாள் மேசையில் அவரைத் தோற்கடித்தார். இருபது வருடம் அப்படி. ஜெயிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. ஜெயித்தபின் குத்திப் பேசுவதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். வனிதா இ-சேவை மையத்தில் ஆபரேட்டர். அவள் கணவர் அரவிந்த்குமார் பல் செட் செய்கிற டென்டல் லேபில் வேலை பார்க்கிறார். செட்டுக்கு அச்சு எடுக்கிற அதே பிளாஸ்டரில் அவர் சிப்பாய்களை வார்ப்பார்; வனிதா ஒற்றை முடித் தூரிகையால் அவர்களுக்குத் தலைப்பாகையும் மீசையும் எழுதுவாள். ஒரு சிப்பாயின் காதில் கடுக்கன்கூட இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் நின்றேன்.

வனிதா யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியைத் திறந்தாள். நாலு மாதமாக ஜோடி மாறவில்லை. மலையைக் காப்பது மாமாவும் அரவிந்தும், தாக்குவது வனிதாவும் கண்ணுசாமியும். பக்கத்துக்கு ஒரு டேப். மாமாவுடையது குவைத்தில் வாங்கிய ஸ்டீல் டேப். இந்தப் பக்கம் வனிதா கொண்டுவந்த மஞ்சள் தையல் டேப்.

"மேடம், குதிரைக்கு இன்னைக்கு எத்தன காலு?" என்றார் மாமா.

அதுதான் போன வாரம் சொன்ன சொல். வனிதாவின் குதிரைகள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வந்து நிற்பதாக அவருக்குச் சந்தேகம். "ஒங்க குதிரைக்கு மட்டும் அஞ்சு காலா?" என்று கேட்டிருக்கிறார். "திருடின்னு நேராவே சொல்லுங்க சார்" என்று அவள் பெட்டியை மூடியிருக்கிறாள்.

வனிதா குதிரைகளை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுசாமிதான், "நாலுதான் அண்ணே, எண்ணிட்டுத்தான் ஏத்துனோம்" என்று முதல் சிப்பாயை நகர்த்தினார்.

இரண்டு மணி நேரம் நான் பார்த்தது அவரைத்தான்.

அவருடைய படைப்பிரிவுகளுக்குப் பெயர் கிடையாது, சர்வே நம்பர்தான். பீரங்கிக் குண்டு விழுந்து ஒரு வரிசை சாய்ந்தபோது, "போச்சு, நூத்தி நாப்பத்தேழு ரெண்டு பி போச்சு. பட்டாவோட போச்சு" என்று தலையில் கை வைத்தார். அடித்த மாமாவே சிரித்துவிட்டார். அரவிந்த் குளத்தைச் சுற்றி ஆட்களைக் கொண்டுவந்தபோது, கண்ணுசாமி தோற்கப்போகிறவர் மாதிரியே தெரியவில்லை. எழுந்து போய் அந்தப் பக்கம் குனிந்து பார்த்து, "அடேயப்பா, இங்கிட்டு ஒரு சந்து இருக்கா! எனக்குத் தோணவே இல்லையே. எப்பப் பாத்தீங்க இத?" என்று கேட்டார். அந்தக் கூச்ச சுபாவமுள்ள மனிதர் ஐந்து நிமிடம் தன் யோசனையைக் கைவீசி விளக்கினார். அத்தனையையும் இவர் கேட்டார்.

ஒரு சிப்பாயை நகர்த்தி வைத்ததும், நகத்தால் அவனை லேசாகப் பின்னுக்கு இழுப்பார். "சர்வேயருக்குக் கைநடுக்கம் வந்துருச்சு" என்று மாமா கிண்டலடித்தார்.

மூன்றாம் சுற்றில் மாமா தன் பெரிய பீரங்கியைச் சுட மறந்துவிட்டு, "முடிஞ்சது, நீங்க ஆடுங்க" என்றார்.

"அண்ணே, பீரங்கி சும்மா நிக்கிதே" என்றார் கண்ணுசாமி.

மாமா சுட்டார். வனிதாவின் குதிரைகள் மூன்று விழுந்தன.

"அண்ணே! நீங்க எந்தக் கட்சி?"

"நம்ம கட்சிதான் ஆத்தா. சுடாத பீரங்கியத் தாண்டி மலையேறுனா அது என்ன ஏத்தம்? ராத்திரி சோறு எறங்காது."

"எனக்கு எறங்கும்ணே!"

அவள் அன்று முதல் தடவையாகச் சிரிக்கப்போனாள், அடக்கிக்கொண்டாள். வாசற்படியில் நின்ற அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

டீ இடைவேளையில் இந்த விளையாட்டு ஏன் பிடித்தது என்று கண்ணுசாமியிடம் கேட்டேன். யோசித்துச் சொன்னார்.

"அங்கன அளந்து முடிச்சா கோர்ட்டுக்குப் போறாங்க தம்பி. இங்க அளந்து முடிச்சா டீ குடிக்கிறாங்க."

குன்றாண்டார்கோவில் பக்கம் பிறந்தவர். ஐடிஐயில் சர்வேயர் படிப்பு. பன்னிரண்டு வருடம் இன்னொருவருக்குக் கருவி சுமந்தபின் லைசன்ஸ். மனைவி மீனம்மாள் அங்கன்வாடியில் இருக்கிறார், மகள் அறிவுமதி திருச்சியில் நர்ஸிங் படிக்கிறாள். எத்தனை ஆயிரம் ஏக்கரை அளந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. சொந்தமாக இரண்டரை சென்ட். சித்தன்னவாசலுக்கு நாலு தடவை போயிருக்கிறார், ஓவியம் பார்த்ததில்லை. நாலு தடவையும் அடிவாரத்தில் பங்காளித் தகராறு.

ஐந்தாம் சுற்றில் அது வந்தது.

வனிதாவின் மிச்சக் குதிரைகள் ஒன்பது. மலையடிவாரத்தில் மாமாவின் பீரங்கி. அதைத் தொட்டுவிட்டால் மலைக்கு வழி திறந்துவிடும். வனிதா தையல் டேப்பை வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, "பன்னெண்டு. சரியா பன்னெண்டு" என்றாள்.

மாமா ஸ்டீல் டேப்பை இழுத்து வைத்தார். "பன்னெண்டேகால்."

"சார், இங்க பாருங்க, பன்னெண்டு."

"இங்க பாருங்க மேடம், பன்னெண்டேகால். மறுபடியும் அஞ்சாவது காலா?"

வனிதா நிமிர்ந்தாள். கண் சிவந்துவிட்டது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "அரவிந்து, பொட்டிய எடுங்க. போலாம்."

அரவிந்த் எழுந்து பெட்டியை அவள் கையில் கொடுத்தார். அக்கா தட்டோடு கதவருகில் நின்றுவிட்டாள். நான் கண்ணுசாமியைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்களேன் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் மேசையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

வனிதாவே திரும்பினாள். "அண்ணே, ஊர அளக்குறீங்கள்ல? நீங்களே அளந்து சொல்லுங்க. நான் திருடியா இல்லையான்னு."

"ஆத்தா கேட்டாச்சு" என்றார் கண்ணுசாமி. பிறகு மாமாவிடம், "அண்ணே, நீங்க?"

"என்னுது ஜெர்மன் ஸ்டீலு. இதுல அளக்க என்னய்யா இருக்கு?"

கண்ணுசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். வேப்பமரத்தடியில் ராக்கனுக்காகக் காத்திருந்த அதே உட்காரல். ஒன்றரை மணி நேரமானாலும் உட்கார்வார் என்று எனக்குத் தெரியும். வனிதா அவ்வளவு நேரம் நிற்க மாட்டாள் என்றும் தெரியும்.

"கேளுங்களேன்" என்றாள் அக்கா, கதவருகில் இருந்து. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு நடுவே அவள் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மாமா அக்காவைப் பார்த்தார். வனிதா கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"சரிய்யா. அளங்க."

கண்ணுசாமி எழுந்தார். குதிரைப் பக்கமே போகவில்லை. ஸ்டீல் டேப்பின் பூஜ்ய முனையை வனிதாவின் கையில் கொடுத்தார். தையல் டேப்பின் முனையை மாமாவின் கையில் கொடுத்தார். இரண்டு பேரையும் மேசையின் ஒரே மூலையில் நிற்க வைத்து, இரண்டு டேப்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக மேசை விளிம்போடு ஐந்தடிக்கு இழுத்தார். விரல் வைத்தார்.

"ஸ்டீலு அறுவது. துணி அம்பத்தெட்டே முக்கால். அஞ்சடியில ஒண்ணேகால் இஞ்ச் வித்தியாசம்."

அவ்வளவுதான் சொன்னார். யாருடைய டேப் தப்பு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வனிதா குனிந்து பார்த்தாள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் துணி தளர்ந்திருந்தது.

"அம்மா தைக்கிறப்ப வச்சிருந்த டேப்பு" என்றாள் மெதுவாக. "இருவது வருசம் மெஷின்ல தொங்குச்சு. நீண்டு போயிருக்கு. நான்தான்... நாலு மாசமா நான்தான் கூடப் போயிருக்கேன்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். நாலு மாதமாக அவர் சொன்னது சரி. குத்திப் பேச இதைவிட நல்ல இடம் அவருக்கு வாழ்நாளில் கிடைக்காது. அவர் அந்த மஞ்சள் டேப்பை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டார்.

"அப்ப நாலு மாசமா ஒங்க குதிர பன்னெண்டுக்குப் பன்னெண்டேகால் ஓடிருக்கு."

"ஆமா சார்."

"காலாளு ஆறுக்கு ஆறே அரைக்கால் நடந்திருக்கான்."

"ஆமா சார்."

"பீரங்கி..."

"புரிஞ்சுருச்சு சார். விடுங்க."

"இம்புட்டு நீளமான டேப்ப வச்சுக்கிட்டும் பதினாலு ஆட்டத்துல பதினாலும் தோத்தீங்களே தாயி!"

நான் வனிதாவைப் பார்த்தேன். பிறகு அரவிந்துக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. வனிதா அவரை முறைத்தாள், மாமாவை முறைத்தாள், பிறகு அவளாலும் முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "சார்! அதுல ரெண்டு டிரா சார்! ரெண்டு டிராவ விட்டுட்டீங்க!" என்றாள்.

"டிராவெல்லாம் ஒரு ஆட்டமா?"

சிரிப்பு அடங்கியதும் அரவிந்த்தான் கேட்டார். "அப்ப கண்ணுசாமியண்ணனும் அதே டேப்புலதான அளந்தாரு?"

கண்ணுசாமி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நகரப் பார்த்தார்.

"நில்லுய்யா சர்வேயரே" என்றார் மாமா. அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது. "நீ ஒவ்வொரு சிப்பாயையும் வச்சுட்டுப் பின்னால இழுப்பியே. நடுக்கம்னு சொன்னேன். எம்புட்டு இழுப்ப?"

"ஞாபகம் இல்லண்ணே."

"எனக்கு ஞாபகம் இருக்கு. கால் இஞ்ச் இழுப்ப. ஆறு இஞ்ச் நடக்குறவனுக்கு டேப்பு குடுத்தது அரைக்கால்தான். மிச்ச அரைக்கால் எதுக்கு?"

கண்ணுசாமி தரையைப் பார்த்தார். "அது ஆத்தாவோட பங்கு."

நாலு மாதம், பதினாலு ஆட்டம். தன் பக்கத்துக்குத் தெரியாமல் வந்த கூடுதலை, தன் சிப்பாய்கள் தலையில் போட்டு, யாருக்கும் தெரியாமல் நேர் செய்துகொண்டே வந்திருக்கிறார். தோற்றது போதாதென்று இன்னும் கொஞ்சம் தோற்றிருக்கிறார். வெறும் பிளாஸ்டர் பொம்மைகள். பார்க்க யாரும் இல்லை. நான் அன்றாடம் பயப்படுகிற நூறு விஷயங்களில் ஒன்றுகூட இந்த மனிதர் பக்கத்தில் நின்றால் இருக்காது என்று தோன்றியது.

வனிதா சிரிக்கவில்லை. "மொதல்லயே தெரியுமாண்ணே?"

"டேப்பத் தொட்டதும் தெரியும் ஆத்தா."

"தெரிஞ்சுக்கிட்டே போன வாரம் அவரு என்னையச் சொன்னப்ப சும்மா நின்னீங்களே?"

கண்ணுசாமி அப்போதுதான் நிமிர்ந்தார்.

"தப்புதான். கேக்காம அளக்கக் கூடாதுன்னு தொழில்ல ஒரு வழக்கம். அங்க அது சரி, இல்லன்னா மண்ட ஒடையும். அதையே இங்கயும் தூக்கிட்டு வந்துட்டேன். ஒரு ஆளு அழுவுறப்ப யாரு கேக்கணும்? ஒரு வாரமா மீனம்மா கேக்குது, ஏன் சாப்புடலன்னு."

வனிதா பெட்டியைக் கீழே வைத்தாள். "இனிமே கேக்காமயே சொல்லுங்கண்ணே."

"சொல்றேன் ஆத்தா."

"இப்ப இந்தக் குதிரைய என்ன செய்யிறது?" என்றார் அரவிந்த்.

"எந்த டேப்பு வேணா வச்சுக்கங்க" என்றார் கண்ணுசாமி. "நீண்ட டேப்பா இருந்தாலும் ரெண்டு பக்கமும் அதையே போட்டா தகராறு இல்ல."

மாமா ஸ்டீல் டேப்பைச் சர்ரென்று சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். "இன்னைக்கு இந்த மஞ்சள்தான். பன்னெண்டு. தொட்டாச்சு. டைஸ எடுங்க."

"அதெப்படி சார்? நெசத்துக்குத் தொடல. கால் இஞ்ச் குறையுது. நான் இங்கேயே நிக்கிறேன்."

"தொட்டாச்சுங்கிறேன்!"

"தொடலங்கிறேன் சார்!"

"ஏம்மா, எம் பீரங்கி, நான் சொல்றேன் தொட்டாச்சுன்னு!"

"எங் குதிர சார், எனக்குத் தெரியாதா?"

கால் மணி நேரம் சண்டை நடந்தது. பழைய சண்டையைவிடச் சத்தம் கூடுதல். இருவரும் எதிராளிக்காக வாதாடினார்கள். என் அபார்ட்மென்டுப் பக்கத்துக் கிளப்பில் அந்தப் பண்பான மனிதர் முப்பது தடவையும் தனக்காகத்தான் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணுசாமி இடையில் புகவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். முடிவில் அக்காவை உருட்டச் சொன்னார்கள். ஒற்றை விழுந்தால் தொட்டது, இரட்டை விழுந்தால் தொடவில்லை. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உருட்டினாள். மூன்று.

குதிரைகள் பீரங்கியைத் தொட்டன. வனிதா ஒன்பது டைஸ் உருட்டினாள். ஒன்பதிலும் ஒன்று, இரண்டுதான் விழுந்தது. குதிரைகள் அத்தனையும் விழுந்தன. ஆறாம் சுற்று முடிந்தபோதும் மலை மாமா கையிலேயே இருந்தது.

"பதினஞ்சு" என்றார் மாமா.

"டிராவக் கழிச்சா பதிமூணுதான் சார்."

வெயில் இறங்கத் தொடங்கியபோது பெட்டிகள் மூடப்பட்டன. கண்ணுசாமி முன்னதாகவே கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் ஒரு வரப்புத் தகராறாம். போகிற போக்கில் என்னிடம், "ராக்கண்ணன் கல்ல மாத்துறப்ப சொல்லுங்க, வந்து நிக்கிறேன்" என்றார். அவர் இன்று செய்ததை யாராவது அவரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். எக்ஸெல் சத்தம் தெருமுனையில் திரும்பிவிட்டது.

அரவிந்த் பைக்கை வெளியே எடுத்தார். வனிதா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்பது, பின்னால் நின்ற எனக்கும் அக்காவுக்கும் தெரிந்தது. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம காலைல பொன்னமராவதியில ஒரு கல்யாணம் சார்" என்றாள் வனிதா. அக்காவின் கை என் தோளைப் பிடித்தது. "பத்து மணிக்கு வர முடியாது. மூணு மணி ஆயிரும்."

இருபது வருடம் ஷிஃப்ட் நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாத மனிதர், "மூணுக்கே வாங்க" என்றார். "நாலுன்னாலும் சரி."

"மலை இந்தத் தடவ எங்களுக்கு."

"குடுத்தாப் புடிச்சு வச்சுருவீங்களாக்கும்?"

"குடுத்துப் பாருங்க சார்."

பைக் போன பிறகும் மாமா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முழுதாக ஏழு நாள் இருந்தது. அறையில் இருந்து குரல் வந்தது.

"கௌசல்யா, இங்கிட்டு வா. இந்த மலைய அங்கிட்டுத் திருப்பி வைக்கணும். ஒத்த ஆளாத் தூக்குனா ஒடஞ்சு போகும்."

அக்கா கழுவிக்கொண்டிருந்த கிளாஸைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுப் போனாள்.